பல்கலைக்கழகக் கணினி மையங்களுக்கும் ஒலி-ஒளிப் பிரிவுகளுக்கும் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் நிதி நெருக்கடியில் சிக்கியிருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருகிறது. ஊதிய நிலுவை, ஓய்வூதியம், நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள் ஆகியவை அந்தச் செய்திகளில் இடம்பெறுகின்றன, இடம்பெறவும் வேண்டும். அதே நெருக்கடியில் ஓசையில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும் இன்னொரு பிரிவைப் பற்றி யாரும் எழுதக் காணோம். வகுப்பறையில் புரொஜெக்டர் எரியவில்லை என்றால் ஓடி வருபவர்கள், விடுதியில் வைஃபை விழுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், கருத்தரங்க மேடையில் ஒலிபெருக்கி கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்பவர்கள், சர்வர் அறையின் குளிர்சாதனம் நின்றால் நள்ளிரவில் தொலைபேசி அழைப்பைப் பெறுபவர்கள் ஆகிய தொழில்நுட்பப் பணியாளர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் ஓய்வுபெற்றுப் போன இடங்கள் அப்படியே கிடக்கின்றன. அதன் விளைவு என்ன என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தின் கடைசி ஏழு ஆண்டுகள் கணினி மையத்தின் இயக்குநராகக் கூடுதல் பொறுப்பு வகித்தேன். பல்லாயிரம் மாணவர்கள் நம்பியிருக்கும் ஒரு மையத்தை, வகுப்பெடுத்து முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் ஒருவர் மேற்பார்த்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. அதை மறுக்காமல் நானும் ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஏழு ஆண்டுகளில் என் மனத்தில் நின்றுவிட்ட நிகழ்ச்சி மிகச் சிறியது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டு ஒன்றில், ஆய்வு மாணவி ஒருவருக்குப் பொது வாய்மொழித் தேர்வு நடைபெற இருந்தது. வெளிமாநிலத் தேர்வாளர் காணொலி வழியாக இணைந்திருந்தார். மாணவியின் பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். தேர்வாளரின் உதடுகள் திரையில் அசைந்தன, ஆனால் குரல் வரவில்லை. நெறியாளர் மடிக்கணினியை அணைத்து மீண்டும் இயக்கினார்; துறைத்தலைவர் ஒலிபெருக்கியின் எல்லாப் பொத்தான்களையும் திருகினார்; அரங்கத்தில் இருந்த நான்கு முனைவர் பட்டங்களும் கைகொடுக்கவில்லை. இருபது நிமிடம் போயிற்று. அதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து வந்து சேர்ந்த தொழில்நுட்ப உதவியாளர், எச்டிஎம்ஐ கம்பியைச் சொருகியதும் கணினி தன் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது என்பதை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, திரையின் மூலையில் ஒரு தெரிவை மாற்றினார். குரல் வந்துவிட்டது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அடுத்த புகாருக்குப் போய்விட்டார்.

அவர் தொகுப்பூதியத்தில் இருந்தார். ஒப்பந்தம் முடியும் போதெல்லாம் ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள்; தொடர்ச்சியாகப் பணியாற்றியதாகப் பின்னாளில் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மறு ஆண்டு அவர் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் வந்தவருக்குக் கட்டடத்தின் எந்தப் படிக்கட்டுக்கு அடியில் எந்த வலையமைப்பு ஸ்விட்ச் (இணைப்பைக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது என்று தெரிவதற்கே பல மாதங்கள் ஆயின. வளாக வலையமைப்பின் முழு வரைபடம் போனவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் இருந்தபோது எனக்குத் தோன்றவில்லை.

இங்கே இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளர்ச்சி மானியம் ஒன்று வந்தபோது வகுப்பறைகளுக்கு 20 ஸ்மார்ட் போர்டுகள் வாங்கும் கோப்பில் நான் கையெழுத்திட்டேன். மானியத்தில் கருவிக்கு இடம் இருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகான வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு இல்லை. அவற்றைக் கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு அறவே இல்லை. நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்பதால் யாரும் நின்று யோசிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு வகுப்பறையில் நுழைந்தபோது, அந்தப் பலகையின் மீது அழியா மை பேனாவால் யாரோ வினைவேக மாற்றத்துக்கான சமன்பாட்டை எழுதியிருந்தார்கள். தொடு பேனா எப்போதோ தொலைந்திருந்தது. ஆசிரியர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எழுத ஒரு பலகை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கருவிகள் கெட்டுப்போவதில் மர்மம் ஏதும் இல்லை. புரொஜெக்டரின் தூசி வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பொருத்தப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்ய ஆளில்லாவிட்டால் காற்றோட்டம் அடைபட்டு, உள்ளே சூடேறி, விலை உயர்ந்த விளக்கு அதன் ஆயுளுக்கு வெகு முன்பே எரிந்துபோகிறது. மின்தடையின் போது கைகொடுக்கும் யுபிஎஸ் கருவியின் மின்கலங்களின் கதையும் இதுதான். ஈய-அமில மின்கலம் சுமார் 25 பாகை செல்சியஸில் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மே மாதத்தில் சன்னல் இல்லாத அறையில் அவற்றை அடுக்கி வைத்துவிட்டு, ஐந்தாண்டு வர வேண்டியது இரண்டாண்டில் போய்விட்டதே என்று விற்றவரைத் திட்டுகிறோம். மின்கலத்தைச் சோதித்து, எந்தத் தேதியில் எந்த அளவில் இருந்தது என்று ஒரு பதிவேட்டில் குறிக்கும் ஒருவர் இருந்தால், மின்தடையின் போது தேர்வுப் பிரிவின் சர்வர் திடீரென அணையாது. அப்படி ஒருவரை வைத்துக்கொள்வதற்கு ஆகும் ஓராண்டுச் சம்பளத்தையும் அந்த ஓராண்டில் வீணாகும் மின்கலங்கள், விளக்குகள் ஆகியவற்றின் விலையையும் எந்த நிதி அலுவலராவது ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்கிறாரா என்று கேட்க விரும்புகிறேன். ஒன்று ஊதியத் தலைப்பில் வருகிறது, மற்றொன்று கருவித் தலைப்பில் வருகிறது. இரண்டும் ஒரே கோப்பில் சந்திப்பதே இல்லை.

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரநிலை வழங்கும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவாகிய நாக் அமைப்பும் இதற்கு ஓரளவு காரணம். அதன் நான்காம் அளவுகோல் உள்கட்டமைப்பையும் கற்றல் வளங்களையும் பற்றியது. தகவல் தொழில்நுட்ப வசதி உள்ள வகுப்பறைகள் எத்தனை, மாணவர்-கணினி விகிதம் என்ன, இணைய இணைப்பின் வேகம் எவ்வளவு, மின்னுள்ளடக்கம் உருவாக்கும் ஊடக மையம் உள்ளதா என்றெல்லாம் அதில் கேட்கப்படுகிறது. பராமரிப்புச் செலவைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு; ஊதியத்தைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, பழுது நீக்குபவரின் சம்பளம் அந்தக் கணக்கில் பராமரிப்பு ஆகாது. ஒரு வகுப்பறைப் புகார் சராசரியாக எத்தனை மணி நேரத்தில் தீர்க்கப்படுகிறது என்ற கேள்வி அந்தப் படிவங்களில் என் கண்ணில் பட்டதில்லை. எனவே குழு வருகிற வாரத்தில் எல்லா விளக்கும் எரியும். போன மறுவாரம் பழைய கதைதான். கல்யாண வீட்டு வாழைமரம் போல என்று எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் சொல்வார்.

இணைய இணைப்பிலும் இதே முரண்பாடு உண்டு. 2009-ல் தொடங்கிய, தகவல் தொழில்நுட்ப வழியிலான தேசியக் கல்வி இயக்கத்தின் கீழும், 2010-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பின் கீழும் பல்கலைக்கழகங்களுக்கு விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணைப்பு கிடைத்தது. அந்த நாளில் அது பெரிய வேகம். ஆனால் அந்த இணைப்பு வந்து நிற்பது கணினி மையத்தின் வாசலில். அங்கிருந்து நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் பெண்கள் விடுதியின் கடைசி அறைக்கும் கொண்டுபோவது பல்கலைக்கழகத்தின் வேலை. பெருச்சாளி கடித்த கண்ணாடி இழையை ஒட்டவும், இடி விழுந்து கருகிய ஸ்விட்சை மாற்றவும் ஆள் இல்லாதபோது, வாசலில் கிகாபிட்டும் வகுப்பறையில் சுழலும் வட்டமுமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத தெருவில் மேல்நிலைத் தொட்டியைக் காட்டி ஆறுதல் சொல்வது போன்றதுதான் இது.

முன்பெல்லாம் இதை வெறும் வசதிக் குறைவு என்று ஒதுக்கிவிடலாம். இப்போது முடியாது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமாகிய ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்கான புள்ளிகளை (கிரெடிட்) சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி வகுத்துவிட்டது. வீட்டில் இணையம் உள்ள மாணவர் தப்பித்துக்கொள்வார். கைபேசியில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபியை அண்ணன் தம்பிகளோடு பங்கிட்டுக்கொள்ளும் மாணவருக்கு வளாக வைஃபைதான் வகுப்பறை. அதை நடத்துகிறவரை உதவிப் பணியாளர் என்று மட்டும் வகைப்படுத்துவது எந்த வகையில் சரி என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பிரிவு நலிந்ததால் தமிழுக்கு நேர்ந்த இழப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கள் வாசகர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று மானியக் குழு 2009-ஆம் ஆண்டு விதிகளில் கூறியது. காந்திநகரில் உள்ள, மானியக் குழுவின் இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் அவை ஏற்றப்படுகின்றன. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அங்கே இருக்கின்றன. அவற்றில் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டுப் பிடிஎஃப் ஆக்கப்பட்டவை. கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும். ஆனால் அந்த எழுத்துருவில் தமிழ் என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழ் என்று தேடினால் தமிழ் கிடைக்காது. வேளாண் சொற்களையோ நாட்டார் வழக்குகளையோ பற்றி ஒருவர் ஐந்தாண்டு ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஆய்வேட்டில் இருக்கும் ஒரு சொல்லை அடுத்த ஆய்வாளர் தேடிக் கண்டடைய வழியில்லை. களஞ்சியத்தில் சேர்ந்த பிறகும் அது பூட்டிய பெட்டியாகவே கிடக்கிறது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு இது இன்னும் கொடுமை. எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படித்துவந்தார். ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு முறையில், உள்ள எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் அது அவருக்கு வாசித்துக் காட்டிவிடும். துறையில் கொடுத்த பாடக்குறிப்பைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டே போயிற்று. அவர் அதை என்னிடம் கொண்டுவந்து ஓடவிட்டுக் காட்டினார். நான் இரண்டு நிமிடம் கேட்டேன். அவர் இரண்டு ஆண்டு கேட்டிருக்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்துவிட்டது. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே, செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியை அரசின் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை அதற்கும் முன்பே, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, ஏற்கப்பட்டது. சட்டமும் ஆணையும் விசைப்பலகையும் இருந்தும் ஒரு பாடக்குறிப்பு மாறவில்லை என்றால், இடையில் யாரோ ஒருவர் குறைகிறார் என்று பொருள். துறைக்குப் போய், தட்டச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து, விசைப்பலகையை நிறுவிக் கொடுத்து, பழைய கோப்புகளை மாற்றிக் காட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போய்ப் பார்க்கிற ஒருவர்தான் அவர். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு பிழை பார்க்கத் தமிழ்த் துறை மாணவர்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் மேசையில் ஒரே ஒரு சோதனை வைத்தால் போதும்: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது அது தமிழாகவே ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். என் பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தேன். முதல் இரண்டு மாதம் நெறியாளர்கள் என்னைத் திட்டினார்கள். பிறகு ஆய்வு மாணவர்களே ஒருங்குறியில் தட்டச்சு செய்துகொண்டு வரத் தொடங்கினார்கள். நான் ஓய்வுபெற்ற பின் அந்த மேசையில் ஆள் இல்லை. சோதனையும் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விரிவாகச் சொல்வதே ஆபத்து. இணையத் தாக்குதல் நடந்தது தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தாக்குதல் நடந்ததைக் கண்டுபிடிக்கவே ஆள் இல்லாத இடத்தில் ஆறு மணி நேரம் எப்போது தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பல ஆய்வகங்களின் பழைய கணினிகள் அடுத்த பதிப்பை ஏற்காது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமாகிய சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதை நிறுவிவிடலாம். நிறுவிய மறுநாள் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று ஒரு பேராசிரியர் கத்தும்போது பதில் சொல்ல யார் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் தத்தம் விரிவுரைக் காணொலிகளைக் கூகுளின் இலவசக் கிடங்கில் ஏற்றிவைத்தோம். அது வரம்பற்றது என்று நம்பினோம். 2021-ல் அந்நிறுவனம், ஒரு கல்வி நிறுவனத்துக்கு 100 டெராபைட் அடிப்படை வரம்பு என்று அறிவித்தது. எதை வைப்பது, எதை அழிப்பது என்று முடிவெடுக்க ஆள் இல்லாததால், சில துறைகளில் எல்லாமே கிடக்கின்றன. சில துறைகளில் எல்லாமே அழிந்தன.

இந்த வேலைகளை வெளிமுகமைக்கு விட்டுவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். வலையமைப்புக் கருவிகளின் பராமரிப்பு, கேபிள் பதித்தல் முதலியவற்றை வெளியே விடலாம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒப்பந்ததாரரின் ஆள் ஒப்பந்தத்தில் எழுதியதைத்தான் செய்வார். வாய்மொழித் தேர்வில் குரல் வராததும், ஒரு மாணவரின் திரைவாசிப்பான் உளறுவதும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. கேரளத்தில் பள்ளிக் கல்விக்கென 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, பிறகு கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பைப் பாருங்கள். ஆசிரியர்களிலிருந்தே தலைமைப் பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளை நம்பினார்கள். 2018-லிருந்து லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் மாணவர் மன்றங்களையும் நடத்துகிறார்கள். பள்ளிகளில் இயன்றது பல்கலைக்கழகத்தில் இயலாதா? கணினி அறிவியல் துறையில் இத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள். மணிநேரக் கணக்கில் சிறு ஊதியம் கொடுத்து அவர்களை உதவி மேசையில் அமர்த்தலாம். ஆனால் அந்த மாணவர்களுக்கு மேலே நிரந்தரமாக ஒரு மூத்த பணியாளர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அறிவும் பட்டமளிப்பு விழாவோடு வெளியேறிவிடும்.

ஒலி-ஒளிப் பிரிவுகளைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். இந்த நாடு கல்வி ஊடகத்தில் ஒருகாலத்தில் வேகமாக நடந்திருக்கிறது. 1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கிவிட்டது. அதற்காகப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் உருவாயின. சென்னையிலும் மதுரையிலும் அப்படி உண்டு. அவற்றை ஒருங்கிணைக்கக் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு 1993-ல் உருவானது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் காலம் சில ஆண்டுகளில் முடிந்தும் போனது. எங்கள் மொட்டைமாடியில் அப்போது பொருத்திய கிண்ண அலைவாங்கியில் நான் ஓய்வுபெறும்போது காகம் கூடு கட்டியிருந்தது. இருப்புப் பதிவேட்டில் இருந்ததால் கழிக்கவும் முடியவில்லை, ஆள் இல்லாததால் இறக்கவும் முடியவில்லை.

எங்கள் தொலைநிலைக் கல்வி இயக்ககத்திலும் ஒரு சிறிய ஒலி-ஒளிப் பிரிவு இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அங்கே பதிவுசெய்த ஒளிநாடாக்கள் நான்கு இரும்பு அலமாரிகளை நிரப்பின. பெரும்பாலானவை முக்கால் அங்குல அகலமுள்ள யு-மேட்டிக் நாடாக்கள். சில பீட்டாகேம், மீதி விஎச்எஸ். வெறும் பாட விரிவுரைகள் மட்டும் அல்ல அவை. விடிய விடிய நடந்த தெருக்கூத்து ஒன்று முழுமையாக உண்டு. ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. பிச்சாவரத்துச் சதுப்புநிலத் தாவரங்களைப் படகிலிருந்தே விளக்கும் தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் பாடம் உண்டு. ஊர்க் கருமார் ஒருவர் கலப்பைக் கொழுவை அடிப்பதை நெருப்பு மூட்டுவதிலிருந்து நீரில் தோய்ப்பது வரை எடுத்தது உண்டு. அதில் அவர் ஒவ்வொரு கருவிக்கும் சொல்லும் பெயர்கள் எந்த அகராதியில் இருக்கின்றன என்று நான் தேடியதில்லை, ஆனால் தேட வேண்டியவை.

காந்த நாடா சாகாவரம் பெற்றதன்று. காந்தத் துகள்களைப் பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பல ஆண்டுகளில் பிசுபிசுப்பாகிறது. அந்த நிலையில் இயக்கினால் துகள்கள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்கின்றன. படமும் போகிறது, கருவியும் போகிறது. சில வகை நாடாக்களைச் சுமார் 50 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாகக் காயவைத்தால், பசை சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் எண்ணிம வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும், ஓடுகிற கருவியும் வேண்டும். யு-மேட்டிக் கருவிகளை இப்போது எவரும் செய்வதில்லை. விஎச்எஸ் கருவி செய்துவந்த கடைசி நிறுவனம் 2016-ல் நிறுத்திக்கொண்டது. கெட்டுப்போன ஒன்றிலிருந்து ரப்பர் உருளையைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தித்தான் இனி ஓட்ட வேண்டும்.

உயர்கல்வித் துறையையும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களையும் நான் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றும் இல்லை. கணினி மையத்திலும் ஒலி-ஒளிப் பிரிவிலும் காலியாக உள்ள தொழில்நுட்பப் பணியிடங்களை ஆசிரியர் பணியிடங்களோடு சேர்த்து ஒரே பட்டியலில் எண்ணுங்கள். ஏழு ஆண்டு, எட்டு ஆண்டு என்று தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் அனுபவத்துக்கு அந்த நியமனத்தில் முன்னுரிமை கொடுங்கள். கருவி வாங்கும் எந்தக் கோப்பிலும், உத்தரவாதம் முடிந்த பிறகான பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும், பொறுப்பாளர் யார் என்ற இரண்டு வரிகள் இல்லாவிட்டால் நிதிக் குழு கையெழுத்திடக் கூடாது என்று விதி செய்யுங்கள். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் என் 20 பலகைகளையும் அது தடுத்திருக்கும். தமிழ் ஆய்வேடுகள் ஒருங்குறியில் இருப்பதை ஒப்படைக்கும்போதே உறுதிசெய்யுங்கள். பழையவற்றை மாற்றும் பணியைத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தோடு சேர்ந்து செய்ய முடியும்.

நாடாக்களைப் பொறுத்தவரை காத்திருக்க நேரம் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் நான்கு அலமாரிகளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு யு-மேட்டிக் கருவி. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர், பிரிவு தொடங்கிய நாளில் இளைஞராக வந்து சேர்ந்து, இன்று அங்கே தனியாக அமர்ந்திருக்கும் ஒளிப்பதிவு உதவியாளர் ஒருவர்தான். காலையில் வந்ததும் கருவிக்கு மின்சாரம் கொடுத்து, உருளைகள் இறுகிவிடாமல் இருப்பதற்காக ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைப்பார். எண்ணிம மாற்றத்துக்கான ஒரு கணினியும் வன்வட்டுகளும் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பரிந்துரைத்து மேலே அனுப்பியவன் நான். அடுத்த மே மாதம் 31-ஆம் தேதி அவர் ஓய்வுபெறுகிறார். அதற்கு முன்பாக அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்து, இளைஞர் இருவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
தாம்பரம்.